தேன் அக்கா

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் சாலையில், பொன்னுரங்கத்தின் தட்டச்சுக் கடை இருந்தது. மூன்று மேசைகள், மூன்று மெஷின்கள். ஜன்னலோர மேசை மங்கலத்துடையது. செம்மண்டலத்திலிருந்து தினமும் காலையில் சைக்கிளில் வருவாள். பன்னிரண்டாம் வகுப்பு தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலத்தில் தேறியது மட்டும்தான், மதிப்பெண்ணைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். ஆனால் தட்டச்சில் இரண்டு மொழியிலும் ஹையர் முடித்திருந்தாள். அப்பா ஆண்டி, கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர். அவர் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் மங்கலம்தான்.

சுனாமி வந்த அடுத்த சில மாதங்கள் அந்தக் கடையில் மூச்சுவிட நேரமில்லை. கரையோரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் மனு தேவைப்பட்டது. அரசாங்கத்துக்குத் தமிழில், வெளிநாட்டு அறக்கட்டளைகளுக்கு ஆங்கிலத்தில். வந்தவர்கள் தமிழில் சொல்வார்கள். மங்கலம் கேட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் அடிப்பாள். தினம் ஒரே மாதிரி வாக்கியங்கள் என்பதால் பெரிய சிரமம் இருக்கவில்லை.

2005 பிப்ரவரியில் ரத்தினம்மாள் சில பெண்களோடு வந்தார். முதுநகருக்குத் தெற்கே ஆற்றோரக் குடியிருப்பில், கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களின் குழுவுக்கு அவர்தான் தலைவி. இருபத்திரண்டு பேர். படகு இழந்தவர்களுக்குப் படகு கொடுக்க ஆள் வந்தது. கூடை, தராசு, காயப்போட்ட கருவாடு, குடிசை எல்லாம் போன இவர்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. புதுச்சேரியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை ஐஸ் பெட்டியும் தராசும் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு மனு எழுத வந்திருந்தார்கள்.

ரத்தினம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நல்லா அழுத்தி எழுதும்மா. படகு வச்சிருக்கறவங்களவிட எங்க நட்டம் ஒண்ணும் கொறஞ்சதில்லன்னு எழுது.”

மங்கலம் அடித்தாள். கையெழுத்தும் கைநாட்டும் ஆனதும், அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ரத்தினம்மாளும் நான்கு பெண்களும் திரும்ப வந்தார்கள். கையில் அறக்கட்டளையின் கடிதம். யாராவது படித்துச் சொல்ல வேண்டும் என்றார் ரத்தினம்மாள்.

“அங்கேர்ந்து ஆரோக்கியராஜ்னு ஒரு ஆபீசரு, எங்க எடத்துக்கு ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போனாரு. எல்லாம் வரும்னு சொன்னாரு. இப்ப என்னாடான்னா, உங்கள ரெண்டாம் பட்டியல்ல வச்சிட்டாங்க, நீங்களே அப்பிடித்தான் எழுதிக் குடுத்தீங்கன்னு சொல்றாரு. நாங்க எப்பம்மா எழுதினோம்?”

மங்கலம் கடிதத்தைப் பிரித்தாள். நாகரிகமான ஆங்கிலம். மூன்றாவது பத்தியில் அவர்களுடைய மனுவிலிருந்தே ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். தங்கள் இழப்பு படகு உரிமையாளர்களின் இழப்பைவிட அதிகமில்லை என்று குழுவே ஒப்புக்கொண்டிருப்பதால், அதிக இழப்புக்கு உள்ளானவர்களை முதலில் கவனிப்பதாகவும், இவர்களைப் பிறகு பரிசீலிப்பதாகவும் இருந்தது.

எழுந்துபோய்க் கார்பன் நகல் கட்டை எடுத்தாள். பிப்ரவரித் தாள்களுக்கு நடுவே அந்த மனு இருந்தது. ‘நாட் லெஸ் தேன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நாட் மோர் தேன்’ என்று அடித்திருந்தாள். ‘குறைந்ததில்லை’ என்பது ‘அதிகமில்லை’ ஆகிவிட்டது. எப்படி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டெண்டர் படிவங்களில் ‘இவ்வளவுக்கு மிகாமல்’ என்ற பொருளில் ‘நாட் மோர் தேன்’ என்று ஒரு நாளைக்கு இருபது முறை அடிப்பவள். காது ஒன்றைக் கேட்க, விரல் பழகியதை அடித்துவிட்டது.

பொன்னுரங்கம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று நகலைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், கடைக்காரரும்கூட. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கட்டுல வச்சிட்டு வந்து உக்காரு. கையெழுத்து அவுங்களுது. அடிச்சவங்கள யாரும் கேக்கமாட்டாங்க. புதுசா ஒண்ணு இனாமா அடிச்சிக் குடுத்துடுவோம்.”

அவளும் அப்படியே செய்திருப்பாள். தாளை மறுபடி கட்டுக்குள் சொருகவும் செய்தாள். ஆனால் முன்பக்கம் ரத்தினம்மாள் மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. “அந்த ஆபீசருதான் புளுகறாரு. படகுக்காரங்ககிட்ட வாங்கித் தின்னுட்டு எங்க மேல பழி போடறாரு. திங்கக்கெழம எல்லாரும் போயி அவர நடு ஆபீசுல வச்சிக் கேப்போம்.”

ஆரோக்கியராஜை மங்கலம் பார்த்ததுகூட இல்லை. ஆனால் இரண்டு முறை அந்தச் சேற்றில் நடந்துபோய்ப் பார்த்தவர் அவர். தன் விரல் செய்ததற்கு அவர் சட்டையை யாரோ பிடிக்கப்போகிறார்கள். நகலை மறுபடி உருவி எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

“அக்கா, அவரு பொய் சொல்லல. நான்தான் தப்பா அடிச்சிட்டேன். நீங்க கொறஞ்சதில்லன்னு சொன்னீங்க. நான் ஜாஸ்தியில்லன்னு அடிச்சிட்டேன்.”

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒரு பெண், “படிச்ச பொண்ணுன்னு நம்பி வந்தோமே” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி திட்டினாள். மங்கலம் நின்றுகொண்டே கேட்டாள். ரத்தினம்மாள் மட்டும் நகலை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரியை உற்றுப் பார்த்தார்.

“எத்தன வார்த்த தப்பு?”

“ஒண்ணுதாங்க்கா.”

“ஒரு வார்த்தைக்கா நாங்க வரிசையில பின்னால போயிட்டோம்?”

“ஆமாங்க்கா.”

“செரி. அப்ப அந்த ஒரு வார்த்தைய மாத்து. மாத்திட்டு நீயும் எங்ககூட வா. நாங்க சொன்னா நம்பமாட்டாங்க, அடிச்சவ வந்து சொன்னா நம்புவாங்க.”

திங்கட்கிழமை காலை புதுச்சேரி பஸ்ஸில் மங்கலம் அந்தப் பெண்களோடு போனாள். கன்னியகோவில் தாண்டும்வரை யாரும் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு, அவளைத் திட்டியவளே ஒரு கொய்யாவைப் பாதியாக உடைத்து நீட்டினாள்.

ஆரோக்கியராஜுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் வியர்வையோடு, எதற்கும் தயாராக இருப்பவர்போல எழுந்து நின்றார். மங்கலம் முதலில் பேசினாள். தப்பு தன்னுடையது, இவர்கள் சொன்னது வேறு என்று கார்பன் நகலையும் புது மனுவையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டையும் படித்தார். அவர் முகம் இளகியது.

“நாலு வருசமா இந்த வேலையில இருக்கேன். அடிச்சவங்களே வந்து சொல்லி இப்பத்தான் பாக்கறேன். உக்காருங்க.”

புது மனுவை மறுபடி படித்துவிட்டு, பென்சிலை எடுத்தார். “இப்ப அர்த்தம் சரியாயிடுச்சு. ஆனா இன்னொண்ணு இருக்கு. உங்க நட்டம் படகு ஓனருங்களவிடக் கொறஞ்சதில்லன்னு அடிச்சிருக்கீங்க. நட்டத்தக் கொண்டுபோயி ஆளோட வச்சி அளந்திருக்கீங்க.”

“தமிழ்ல அப்பிடித்தாங்களே சொல்றோம்?”

“தமிழ்ல தாராளமா சொல்லலாம். ‘விட’ன்னு போட்டா, மீதிய கேக்கறவங்க புரிஞ்சிக்குவாங்க. இங்கிலீஷ்ல எழுதறவங்கதான் மீதியையும் சொல்லணும். நட்டத்துக்கு நேரா நட்டம் நிக்கணும்.”

வரிக்கு மேலே இரண்டு சிறிய சொற்களைப் பென்சிலால் எழுதினார்: ‘தட் ஆஃப்’. இவை படகு உரிமையாளர்களுடைய நட்டத்தைக் குறிக்கும் சொற்கள், நட்டம் என்று இன்னொரு முறை எழுதாமல் தப்பிக்க என்றார். மங்கலம் அந்த இரண்டு சொற்களையும் ஆயிரம் முறை அடித்திருக்கிறாள். எதற்குப் பதிலாக நிற்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகஸ்டில் ஐஸ் பெட்டிகளும் தராசுகளும் வந்தன. நான்கு மாதத் தாமதம். ரத்தினம்மாள் கடைக்கே வந்து சொன்னார்: “நடுவுல மீன்பிடித் தடைக்காலம் வந்துடுச்சு, எப்பிடியும் மீனு கொறச்சல்தான். அதனால பெருசா ஒண்ணும் கெட்டுப்போவல. அதுக்காக உன்ன விட்டுட்டேன்னு நெனச்சிக்காத.” சொல்லிவிட்டு, வாழை இலையில் சுற்றிய நெத்திலியை மேசைமேல் வைத்தார். பொன்னுரங்கம் சைவம். அன்று முழுக்க அவர் வெளியிலேயே நின்றார்.

இதற்குப் பிறகு மங்கலத்துக்கு ஒரு பழக்கம் வந்தது. எதை அடித்தாலும் ‘விட’ என்று பொருள்படும் ‘தேன்’ என்ற அந்த ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் விரல் தானாக நின்றுவிடும். இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன என்று பார்ப்பாள். கத்தரிக்காயோடு கத்தரிக்காயா, கத்தரிக்காயோடு தோட்டக்காரனா? ஒரு நாற்பது பக்க நோட்டில் சந்தேகமானவற்றை எழுதிவைத்தாள். கணவன் கதிரவன் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து படிக்க, அவன் எங்கோ பழைய புத்தகக் கடையில் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கியிருந்தான். இரண்டு பாடத்துக்குமேல் அவனால் போக முடியவில்லை. புத்தகம் மங்கலத்திடம் வந்து சேர்ந்தது. ஒப்பிடுதல் பற்றிய பாடம் பதினாறு பக்கம். அதை அவள் மூன்று மாதம் படித்தாள்.

அதே வருடம் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டாள். 2006இல் சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஆய்வேடுகள் அடித்துத் தரும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். போகவும் வரவும் ஜன்னல் சீட்டும் அந்த நோட்டும் கிடைத்ததில் அவளுக்கு நிம்மதிதான்.

அங்கேதான் அருள்மொழி அறிமுகமானாள். பரங்கிப்பேட்டைக் கழிமுகத்து நண்டுகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தவள். ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள். முதல் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்துவிட்டுப் போனவள், வாங்க வந்தபோது பக்க ஓரங்களில் பென்சில் கோடுகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

“இது யாரு போட்டது?”

“நான்தாங்க. சந்தேகமா இருந்த எடத்துல மட்டும்.”

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இருக்கறத அப்பிடியே அடிச்சிக் குடுங்க, போதும். எங்க கைடு பாத்துக்குவாரு.”

மங்கலம் சரி என்று சொல்லி, பென்சில் கோடுகளை ரப்பரால் அழிக்க ஆரம்பித்தாள். நாலைந்து அழித்தாள். பிறகு ஒன்றில் நின்று, நிமிராமலே கேட்டாள்: “இந்த ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஆண் நண்டோட கொடுக்கு, பெண் நண்டவிடப் பெருசா?”

“ஆமா, பெருசுதான். எல்லா எடத்துலயும் அளந்து பாத்திருக்கேனே.”

“கொடுக்கு மட்டுமே ஒரு முழு பெண் நண்டவிடப் பெருசுங்களா?”

அருள்மொழி தாளை வாங்கிப் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. ஒரு முழு நண்டைவிடப் பெரிய கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அந்த ஆண் நண்டு எப்படி நடக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள். மங்கலத்துக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார்.

“அழிச்சதயெல்லாம் மறுபடியும் போட்டுடுங்க அக்கா” என்றாள் அருள்மொழி.

அந்த ஆய்வேட்டில் இப்படிப் பதினேழு இடங்கள் அகப்பட்டன. அருள்மொழிக்குப் பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்தவர், ஒப்பீடுகள் சுத்தமாக இருப்பதாகச் சொன்னாராம். அவள் அதை விடுதி முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே கடை வாசலில் ஆய்வு மாணவர்கள் நின்றார்கள். அடிப்பதற்கு இல்லை, ஏற்கனவே அடித்ததைக் காட்டிப் பார்த்துக்கொள்ள. கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். பார்க்க வருகிறவர்கள் அடிக்கவும் கொடுத்துவிட்டுப் போனதால் பிறகு பேசாமல் இருந்துவிட்டார்.

மாணவர்களுக்கு மங்கலம் இலக்கணப் பெயர்கள் எதுவும் சொல்லமாட்டாள். அவளுக்கும் அவை மனதில் நிற்பதில்லை. யாராவது ‘மோர் பெட்டர்’ என்று எழுதியிருந்தால், “பெட்டர்லயே மோர் கலந்திருக்குது, மேல தனியா ஊத்தாதீங்க” என்பாள். ‘சுப்பீரியர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘தேன்’ வந்தால் அதை வெட்டிவிட்டு ‘டு’ போடுவாள். “சுப்பீரியருக்குத் தேன் ஒத்துக்காது” என்பது அவளுடைய விளக்கம். இப்படி எதற்கெடுத்தாலும் தேன், தேன் என்று பேசியதில் மாணவர்கள் அவளுக்குத் தேன் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். “தேன் அக்காகிட்ட காட்டியாச்சா?” என்று கேட்டுக்கொள்வது விடுதியில் வழக்கமானது.

அந்தப் பெயர் ஊருக்குள்ளும் பரவியது. லால்பேட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர், தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, ஒருநாள் காலி பாட்டிலோடு கடைக்கு வந்தார். இருமலுக்கு மருந்து குழைக்கக் கலப்படமில்லாத தேன் வேண்டும், தேன் அக்கா கடை இதுதான் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள் என்றார். மங்கலம் அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப இங்க விக்கிற தேனுக்கு பாட்டில் வேணாம் போல” என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை. 2009இல் ஒரு மாணவரின் பொருளாதார ஆய்வேட்டில், அண்ணாகிராமத்து முந்திரி விவசாயிகள் கமிஷன் மண்டிக்காரர்களை அதிகம் நம்புகிறார்கள் என்று வங்கி அதிகாரிகளோடு ஒப்பிட்ட ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் அதை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று மங்கலம் தயங்கினாள். விவசாயிகள் வங்கிக்காரர்களை நம்புவதைவிட என்றும் எடுக்கலாம், வங்கிக்காரர்கள் மண்டிக்காரர்களை நம்புவதைவிட என்றும் எடுக்கலாம். மாணவருக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை. அவசரம் என்றதால் தானாகவே ஒரு பக்கம் தெளிவுபடுத்தி அடித்துவிட்டாள். தவறான பக்கம். அந்த வரி அவருடைய ஆய்வில், வங்கிக்காரர்கள் மண்டிக்காரர்களை எவ்வளவு நம்பினார்கள் என்பதோடு ஒப்பிட்டது. பைண்டிங் ஆன ஐந்து பிரதிகளையும் பிரித்து, ஒரு தாளை மாற்ற வேண்டியிருந்தது. மங்கலம் அந்தத் தாளைத் தானே அடித்து, தானே பைண்டிங் கடைக்கு எடுத்துப்போய், முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அன்று மாலை வீட்டில் கதிரவனிடம் சொன்னாள். “தப்ப திருத்தப் போயி நானே தப்பு பண்ணிட்டேன்.”

“நீ என்னா பண்ணியிருக்கணும்?”

“காத்திருந்து கேட்டிருக்கணும்.”

“அப்ப இனிமே கேளு. அவ்வளவுதானே?” என்றான் அவன்.

அதிலிருந்து அவள் எதையும் தானாக மாற்றுவதில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதியவர் வந்து உட்கார்ந்து பதில் சொன்ன பிறகுதான் விரல் வைப்பாள். வேலை கொஞ்சம் மெதுவானது. ஆனால் அந்தக் கேள்விக்குறிகளில்தான் பலருக்குத் தாங்கள் சொல்ல வந்தது என்னவென்றே தெரிந்தது.

2012இல் அருள்மொழி சிதம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தாள். எம்.ஃபில் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று மங்கலத்தைக் கூப்பிட்டாள்.

“நான் பேசறதா? ப்ளஸ் டூ படிச்சவ போயி எம்.ஃபில்லுக்கு என்னா பேசறது?”

“நண்டப் பத்திப் பேசுங்க அக்கா. அது போதும்.”

ஒரு வாரம் மறுத்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள். மகள் ரேகா அப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மா கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “தமிழ்லயே பேசும்மா, உனக்கு அதுதான் நல்லா வரும்” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பறையில் முப்பது பேர் இருந்தார்கள். மங்கலம் தமிழில்தான் பேசினாள். கரும்பலகையில் ஆங்கில வரிகளை எழுதி, ‘தேன்’ என்ற சொல்லை ஒரு வட்டத்துக்குள் போட்டு, இது ஒரு தராசு முள், இரண்டு தட்டிலும் ஒரே ஜாதிப் பொருள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றாள். கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நண்டு வந்ததும் நிமிர்ந்தார்கள். ஒரு மாணவி எழுந்து, மேடம் எந்த காலேஜில் படித்தீர்கள் என்று கேட்டாள்.

“காலேஜ் போகலைங்க. டைப்பிங் ஹையர்.”

அந்த மாணவி தன் ஆய்வுத் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள். இன்னொருவன் ‘கம்பேர்டு டு’ சரியா, ‘கம்பேர்டு வித்’ சரியா என்று கேட்டான். இரண்டையுமே பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள், தனக்கு உறுதியாகத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றாள். தெரியாது என்று முப்பது பேருக்கு முன்னால் சொன்னது அவளுக்கே ஆச்சரியம் தரும்படி மனதுக்கு லேசாக இருந்தது.

ஒரு மணி நேரம் இரண்டரை மணி நேரமானது. டீயும் சமோசாவும் கொடுத்து, அருள்மொழி பஸ் நிறுத்தம்வரை வந்தாள். “அடுத்த மாசமும் வரணும், பசங்க கேக்கறாங்க.”

“வரேன். முன்னாடியே தாளக் குடுத்துடச் சொல்லு. அங்க போயி நின்னுகிட்டு யோசிக்க முடியாது.”

கடலூர் பஸ் வந்தது. இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது மழை பிடித்தது, ஜன்னல் தட்டியை இறக்கினாள். மடியில், அதைக் கேட்டதும் அருள்மொழி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த, மாணவர்களின் முப்பது தாள்கள். முதல் தாளின் இரண்டாவது வரியிலேயே உப்பளத்தின் பரப்பை யாரோ ஓர் ஊரோடு ஒப்பிட்டிருந்தார்கள். மங்கலம் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பஸ் குலுங்காத நேரம் பார்த்து, ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.